செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவரா?

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த முதுமொழி. சைவ சித்தாந்தமும் இதனை விரித்துக் கூறுகிறது. முற்பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்பிறவியில் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். இம்மூன்றிலும் மாறாத விதி ஒன்று உண்டு. வினையைச் செய்தவரே அதன் பலனை அனுபவிப்பார். அப்பலனைச் செய்தவரிடமே கூட்டுவிப்பவன் இறைவன் என்பது எமது நம்பிக்கை.

ஆனால் தொழிற்சாலைகள் பெருகிய இக்காலத்திலே, இந்த விதிக்கு முரணான ஒன்று எம் கண்முன்னே நடப்பதுபோல் தோன்றுகிறது. ஒரு குழாயும் அருகே ஓர் ஆறும் இருந்தால் போதும். இலாபம் ஆலையிலேயே தங்கிவிட, அதனோடு பிறந்த தீங்கு மட்டும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவரைச் சென்றடைகிறது. பசுமைத் தொழில்நுட்பம் என்று இன்று பலரும் பேசுவதன் உள்ளே இருப்பது இந்த அறக்கேள்விதான். தமிழகத்துத் திருப்பூரின் அனுபவத்தைக் கொண்டு இதனைச் சிறிது சிந்திப்போம்.

வெள்ளியங்கிரி மலையிலே தோன்றும் நொய்யல் ஆறு, மேலைச் சிதம்பரம் எனப் போற்றப்படும் பேரூர்ப் பட்டீசுவரர் ஆலயத்தை அடுத்து ஓடி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூர் பருத்திப் பின்னலாடைக்கு உலகப் புகழ் பெற்ற நகரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படும் ரீசேட்டுகளில் பல அங்கே தைக்கப்பட்டவை. ஏற்றுமதி வளர வளர நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் அங்கே எழுந்தன. அதே ஆற்றில், திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்கென 1992ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதிலே தேங்கியது சாயக்கழிவு நீர். எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அந்த நீர் எமக்கு வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாகின, வயல்கள் விளைச்சலை இழந்தன. சேர்ந்து கிடக்கும் வினைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை. ஆயினும் அதனைச் சேர்த்தவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர்.

இதில் சாயத்தின் நிறத்தைவிடக் கொடியது உப்பு. பருத்தி இழையும் அதற்கு இடும் சாயமும் நீரிலே ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஆகவே அவை ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை இழையிலே சேர்ப்பதற்காக, ஒரு லீற்றர் நீருக்குப் பல பத்துக் கிராம் கணக்கில் உப்பு இடுகிறார்கள். அந்த உப்பு துணியிலே தங்குவதில்லை. அனேகமாக இட்டது முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைச் சுத்திகரிக்கும் வழக்கமான முறையால் உப்பை அகற்ற முடியாது. எனவே நிறம் நீங்கித் தெளிந்து தோன்றும் நீரும் பயிரைக் கருக்கவே செய்யும்.

மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும், தீங்கு நேருமுன்பே காக்கவேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று, தமிழகத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்பளித்திருந்தது. நொய்யல் விவசாயிகளும் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை ஆற்றில் விடாத நிலையைப் பட்டறைகள் அடையவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006ல் ஆணையிட்டது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 சனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதன் பின்னரே கழிவுநீர் வெளியேற்றா முறை அங்கே உறுதியாக வேரூன்றியது. கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களால் சுத்தி செய்து, பின்னர் மெல்லிய சவ்வுகளின் ஊடாக அழுத்தி நன்னீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் உப்புநீரை வெப்பமூட்டி வற்றச் செய்கிறார்கள். நீரும் உப்பின் பெரும் பகுதியும் மீண்டும் சாயமிடுவதற்கே பயன்படுகின்றன. செய்தவரின் வினை செய்தவரின் வாசலிலேயே நிற்கும்படி செய்த ஏற்பாடு இது எனலாம்.

எனினும் இது பிராயச்சித்தமே என்பதையும் மறந்துவிடலாகாது. உப்புநீரை வற்றச் செய்ய மிகுந்த எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். அவற்றின் புகை வேறெங்கோ செல்கிறது. மீண்டும் பயன்படாத கலப்பு உப்பும் சேறும் குவியலாக எஞ்சுகின்றன. பாவத்தைச் செய்துவிட்டுக் கழுவுவதிலும் அதனைச் செய்யாதிருப்பதே மேல் என்று பெரியோர் சொல்வதும் இதனாலன்றோ!

நவீன விஞ்ஞானமும் இம்முடிவுக்கே வந்திருக்கிறது. 1998ல் போல் அனஸ்ராஸ், ஜோன் வோர்னர் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர் இருவர் பசுமை இரசாயனத்துக்கு 12 நெறிகளை வகுத்தார்கள். கழிவை உண்டாக்கிய பின் சுத்தி செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே நன்று என்பது அவற்றில் முதலாவது நெறி. இது வெறும் உபதேசமன்று. முழங்கால் வலிக்கு எம்மில் பலர் விழுங்கும் ஐபுபுரோபென் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 1960களின் முறையில் அது ஆறு படிகளில் செய்யப்பட்டது. இட்ட மூலப்பொருள்களில் 100க்கு 40 பங்கு அளவே மருந்தாகியது, மற்றையது கழிவு. 1992ல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய புதிய ஆலையிலே படிகள் மூன்றாகக் குறைந்தன. மருந்தாகும் பங்கு 77 ஆக உயர்ந்தது. மாத்திரை அதே மாத்திரைதான்.

சாயத்தொழிலிலும் இவ்வழி திறந்திருக்கிறது. இழையோடு கூடுதலாகப் பிணையும் சாயங்கள், குறைந்த உப்பைக் கேட்கும் சாயங்கள், குறைந்த நீரில் இயங்கும் இயந்திரங்கள் என்பன வந்துள்ளன. பொலியஸ்டர் துணிக்கு, நீரே இல்லாமல் மிகை அழுத்தத்திலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு சாயமிடும் முறையும் உண்டு. இவை ஆகாமியத்தையே குறைக்கும் வழிகள்.

அப்படியானால் எல்லோரும் ஏன் இவற்றைக் கைக்கொள்வதில்லை? விலைதான் காரணம். 2011ல் பட்டறைகள் மூடியபோது கூலித் தொழிலாளர் பலர் பிழைப்பை இழந்தார்கள். அவர்களின் துயரும் துயரமே. சுத்தமாகச் சாயமிடுபவர் தமது செலவைச் சேர்த்து விலை சொன்னால், அடுத்த ஊரில் மலிவாகத் தருபவரிடம் கொள்முதல் போய்விடுகிறது. அந்த மலிவு விலையைக் கேட்பவர் யார்? கடல் கடந்த கடைகள். அக்கடைகளில் கேட்பவர் யார்? நாம்.

நாம் வாங்குபவர்கள் மட்டுமே, ஆற்றில் எதையும் ஊற்றவில்லையே என்று கேட்கலாம். ஆனால் வினையைச் செய்பவர், செய்விப்பவர், அதற்கு உடன்படுபவர் ஆகிய மூவருக்கும் அதிலே பங்குண்டு என்பது பெரியோர் கொள்கை. சாயத்தைக் கழுவும் செலவைக் கழித்த விலையை நாம் அறிந்தே கேட்டால், அந்தச் செலவை நொய்யற்கரை விவசாயி செலுத்தும்படி நாமே செய்விக்கிறோம். அறியாமல் வாங்குபவருக்கு இப்பழி அத்தனை இல்லை. அறியக்கூடிய வசதி இருந்தும் அறிய விரும்பாதவருக்கு அந்தச் சலுகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அறிவது அத்தனை கடினமும் அன்று. ஆடைகளில் காணும் முத்திரைகளில் ஓகோடெக்ஸ் ஸ்ராண்டட் 100 என்பது, துணியில் அணிபவருக்குக் கேடான பொருள் தங்கியிருக்கிறதா என்று சோதிப்பது. அது எமது தோலைக் காக்கும். ஆற்றைப் பற்றி அது பேசாது. கொட்ஸ் எனப்படும் இயற்கைப் பருத்தி முத்திரையோ சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்தி செய்யப்படவேண்டும் என்றும் கேட்கிறது. நம் பிள்ளைகளின் மேனிக்குத் தேடும் பாதுகாப்பை, அடுத்தவர் பிள்ளைகள் குடிக்கும் நீருக்கும் தேடுவதே தர்மம்.

தேர்த்திருவிழாத் தொண்டர்களுக்கும் விளையாட்டுப் போட்டிப் பிள்ளைகளுக்கும் ஆலயங்கள் ரீசேட் அச்சிடுவது வழக்கம். எது மலிவு என்று கேட்பதோடு, இது எங்கே சாயமிடப்பட்டது, அந்த நீர் எங்கே போயிற்று என்றும் இனிமேல் கேட்போமாக. ஒரு சேட்டுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால், அதனைத் தானம் என்று எண்ணவேண்டாம். அது நாம் செலுத்தவேண்டிய கடன். எம் வினையின் பலனைப் பிறர் தலையில் ஏற்றாது வாழும் மனத்தை எல்லாம் வல்ல இறைவன் எமக்கு அருள்வானாக.