யானையை மட்டும் மெதுவாகச் சொன்னால்

போன வருடம் மாமா ஒரு மின்சாரக் கார் வாங்கினார். ஓடாத கார். விபத்தில் அடிபட்டு, பழுதுபார்த்தால் கட்டுப்படியாகாது என்று காப்புறுதிக்காரர்கள் கைகழுவிய கார். "இதுல இன்னும் ஆறு வருஷ சிஓஇ இருக்கு மாப்ளே"ன்னார். நம் ஊரில் வாகன உரிமைச் சான்றிதழ் காரோடு ஒட்டிக்கொண்டது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 106,000 வெள்ளிக்குப் போனது. உடைந்த காரைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

எனக்கும் பிடித்திருந்தது. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும் வரை, தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அப்பா அப்படியே அங்கே நடப்பார். பாட்டுப் பாடாத ரேடியோவோடு திரும்புவார், ஒரு வாரத்தில் பாட வைத்துவிடுவார். பழசை உயிர்ப்பிப்பது நல்ல காரியம் என்று பார்த்தே வளர்ந்தவன் நான்.

சனி ஞாயிறுகளில் பட்டறைக்குப் போய்க் கைகொடுத்தேன். மின்சாரக் காரில் பாட்டரி தரைக்கு அடியில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். சுமார் 400 வோல்ட். ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுவதற்கு முன் இணைப்பைத் துண்டித்து, ரப்பர் கையுறை மாட்டி, மிச்ச மின்சாரம் வடியும்வரை காத்திருக்கணும். பம்பர், கதவு, சஸ்பென்ஷன் எல்லாம் மாற்றினோம். பாட்டரிப் பெட்டியின் அடியில் மட்டும் உள்ளங்கை அளவு ஒரு நசுங்கல். மீட்டர் வைத்துப் பார்த்தோம், குறை ஒன்றும் காட்டவில்லை. கார் ஓடியது. வீரமாகாளியம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

ஈசூனிலிருந்து ஒரு இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். "ஆக்சிடென்ட் கார்தாங்க, ஒளிக்க ஒண்ணுமில்ல" என்று மாமா கணீரென்று சொன்னார். பிறகு, கதவைச் சாத்துகிற சத்தத்தோடு, "அடியில லேசா ஒரு அடி."

எனக்குத் தருமர் ஞாபகம் வந்தார். அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கவும், யானை என்பதை வாய்க்குள்ளும் சொன்னவர். அதுவரை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்றைக்கு மண்ணைத் தொட்டது. சொன்ன வார்த்தை எதுவும் பொய்யில்லை. ஆனாலும் தேர் இறங்கியது.

மாமாவிடம் கேட்டேன். "விலையைக் குறைச்சிட்டேன்ல? ரிஸ்க் அவங்களது"ன்னார். அவர் மோசமான ஆளில்லை. என் படிப்புக்குப் பணம் கட்டியவர். அதனால்தான் உடனே பதில் வரவில்லை.

2011-இல் அமெரிக்காவில் மோதல் சோதனைக்கு உட்படுத்திய செவர்லே வோல்ட் கார் ஒன்று, மூன்று வாரம் சும்மா நின்றபிறகு தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற வண்டிகளும் எரிந்தன. அடிபட்ட லித்தியம் செல் இன்று நல்லபிள்ளையாக இருந்து வேறொரு நாள் கோபப்படலாம். கண்டிப்பாக நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பதி காரை வீவக பலமாடிக் கார்நிறுத்தத்தில்தான் சார்ஜ் போடுவார்கள். பக்கத்துக் காருக்குள் குழந்தையை உட்கார வைக்கும் அம்மாவுக்கு யார் விலை குறைத்தார்கள்? நசுங்கலை உரக்கச் சொல்லி விற்றாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. வாங்குகிறவர் தன் ஆபத்துக்குச் சம்மதிக்கலாம், அடுத்தவருடையதுக்கு எப்படிச் சம்மதிப்பார்? அப்பா சரிசெய்த ரேடியோ கெட்டால் எங்கள் வீட்டுப் பாட்டுதான் நின்றது.

இன்னொன்றும் உறுத்துகிறது. நாமே மறைத்து வைத்த ஆபத்திலிருந்து காப்பாற்று என்று அம்மனிடம் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறோமே!

அதற்காகக் காரை நொறுக்கச் சொல்லவில்லை. பாட்டரியை இறக்கி, பெட்டியைத் திறந்து, நசுங்கிய இடத்துக்கு மேலே உள்ள மாட்யூலைத் தெரிந்தவர் கையால் மாற்றணும். "அப்புறம் லாபம் எங்கடா?" என்றார் மாமா. கணக்குப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான், ஒன்றும் மிஞ்சாது.

கார் இப்போது பட்டறையில் தூக்கி நிற்கிறது. பாட்டரியை இறக்கியாச்சு, இன்னும் திறக்கவில்லை. பானெட்டில் குங்குமம் அப்படியே இருக்கிறது. ஈசூன் தம்பதி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள். மாமா எடுக்கவில்லை. நேற்று போனை என் கையில் கொடுத்து, "நீயே பேசு மாப்ளே"ன்னார்.