துருவேறிய வண்டியும் அவயவியும்

பகுதிகள் ஒவ்வொன்றாக மாறிய பின்னரும் ஒரு பொருள் அதே பொருள்தானா என்ற வழக்கைப் புளூட்டார்க் தீசியஸின் கப்பலை முன்வைத்துப் பதிவு செய்தார். 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் வேனில் படுக்கையும் அலமாரியும் பொருத்தி வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அமைத்த சிறு வீட்டுவண்டிகளில், அதாவது உறங்கிப் பயணம் செய்வதற்கான ஊர்திகளில், அவ்வழக்கு இன்றும் தீராமல் நிற்கிறது.

முன்கண்ணாடியின் ரப்பர் பட்டைக்கு அடியில் நீர் தேங்க, வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பி, திருப்புளி முனை பட்டதும் தகடு பொலபொலவென உதிர்கிறது. அவ்விடத்தை வெட்டிப் புதுத் தகட்டைப் பற்றவைக்கும் உரிமையாளர், காற்றால் குளிரும் எஞ்சினையும் மேலெழும் கூரையின் கித்தானையும் முன்பே மாற்றியிருப்பார்.

பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் துறவி நாகசேனர், அச்சோ சக்கரமோ தேர் அன்று, அவற்றின் சேர்க்கையைச் சுட்டும் வழக்குப் பெயரே தேர் என்கிறார். நியாய வைசேடிகத் தத்துவ மரபினர் இதை மறுத்து, 'அவயவி', அதாவது உறுப்புகளில் தங்கியும் அவற்றின் வேறான முழுப்பொருள், மெய்யாகவே உண்டு என்பர். ஆயினும் ஓர் உறுப்பு நீங்கினாலே பழைய அவயவி அழிந்து புதியது தோன்றும் என்றும் அவர்களே கொள்வதால், வண்டிக்காரருக்கு அவர்கள் தரும் ஆறுதல், சொல்லப்போனால், பௌத்தர் தருவதைவிடக் குறைவே. பதிவு அலுவலகமோ இவ்வாதத்துக்குள் நுழையாமல் அடிச்சட்டத்து எண்ணைப் பார்த்து முடித்துக்கொள்கிறது.

தீசியஸின் கப்பலில் கழித்த பலகைகளைத் திரட்டி இரண்டாம் கப்பல் கட்டினால் எது அசல் என்று கேட்ட ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸுக்கு, பழைய கதவையும் கார்புரேட்டரையும் எறிய மனமின்றிக் கொட்டகையில் அடுக்கிவைக்கும் உரிமையாளர் நல்ல சான்றாகியிருப்பார்.