குப்பியும் குப்பியமும்



தசலட்சணப் பருவத்தின் எட்டாம் நாளில் உத்தம தியாகத்தையும், ஒன்பதாம் நாளில் உத்தம ஆகிஞ்சன்யத்தையும் சிந்திக்கின்றோம். ஈதல் முன்னே நிற்கிறது. ‘எனதென்று யாதுமில்லை’ என்னும் நிலை அதன் பின்னே வருகிறது. இவ்வறத்தை விளக்கப் புகுவோர் நிலம், வீடு, பொன், வட்டிக்கு விட்ட பணம் என்பனவற்றையே எடுத்துக்காட்டாகக் கூறிப் பழகிவிட்டனர். யாமும் அவ்வாறே பேசியிருக்கின்றோம். இம்முறை காலிச் சீசாக்களைப் பற்றிச் சொல்ல எண்ணுகின்றோம். நேயர்கள் நகைக்க வேண்டா.

செங்கற்பட்டில் எமது நண்பர் ஒருவர் வாழ்கின்றார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இல்லத்தில் நாள்தோறும் ஜினபூசை செய்பவர். பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். அவருக்கு ஒரே ஒரு விருப்பம் உண்டு. பழங்காலக் கண்ணாடிக் குப்பிகளைத் தேடிச் சேர்ப்பார். அவரைப் போன்றோர் எட்டுப் பத்துப் பேர் திங்கள்தோறும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவர். ஒருவர் நாணயம் சேர்ப்பவர், ஒருவர் தபால்தலை, மற்றொருவர் பழைய தீப்பெட்டிப் படங்கள். பெயரோ பதிவோ இல்லாத சிறு குழு அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சீசா எடுப்போர் இதற்கெனவே பல சங்கங்கள் நடத்துகின்றனர். நம் நாட்டில் நாணயத்திற்கும் தபால்தலைக்கும் சங்கங்கள் உண்டு, சீசாவுக்குத் திண்ணைதான்.

ஒருமுறை அவர் எம்மையும் அழைத்தார். செய்தித்தாள் விரித்து அதன்மேல் குப்பிகளை வரிசையாக வைத்திருந்தனர். அறியாதாருக்கு அவை காயலான் கடைச் சரக்கு. நண்பர் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். அடியில் வட்டமான கரட்டுத் தழும்பு இருந்தால் அது வாயால் ஊதிச் செய்யப்பட்டது. ஊதுகோலினின்றும் பிரிப்பதற்காக அடியில் வேறொரு கோலை ஒட்டிப் பின் முறித்த வடு அது. பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு கழுத்தளவில் நின்றால் வாய்ப்பகுதி கையால் முடிக்கப்பட்டது. உதடுவரை ஏறினால் இயந்திரம் வார்த்தது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் 1903ஆம் ஆண்டளவில் தானியங்கி இயந்திரத்தைச் செய்து முடித்த பிறகே அவ்வகை பெருகியது. நச்சுமருந்துக் குப்பிகளை நீலநிறத்திலும் வரிவரியான முகட்டோடும் செய்தனராம். இருளில் கை வைத்த மாத்திரத்தில் ‘இது நஞ்சு’ என்று விரல் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. பாவச் செயல்களுக்கும் அப்படியொரு முகடு இருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்று யாம் கூற, அனைவரும் சிரித்தனர்.

நமக்கெல்லாம் தெரிந்த கோலி சோடாச் சீசாவும் அங்கே இருந்தது. ஹைரம் காட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து மூடி எதுவும் வேண்டாம். அந்நாட்டில் சிறுவர்கள் கோலிக்காக உடைத்து உடைத்தே பழைய சீசாக்கள் அரியனவாகிவிட்டன என்பர்.

பேச்சு இவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. நண்பரின் மனைவியார் மோர் கொண்டு வந்தவர், “அண்ணா, நீங்களாவது இவருக்குச் சொல்லுங்கள். பரண் நிறைந்தது, அலமாரி நிறைந்தது, இப்போது பூசை அறைக்கும் வந்துவிட்டது” என்றார். நண்பர் உடனே, “ஐயா, பொன்னும் பணமும் சேர்த்தால் பரிக்கிரகம். காலிச் சீசாவைச் சேர்ப்பதும் பரிக்கிரகமா?” என்று கேட்டார். அன்று யாம் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை.

பின்னர் நூல்களைப் புரட்டினோம். புறப்பரிக்கிரகம் பத்து என ஆன்றோர் வகுத்துள்ளனர். நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடைச் செல்வம், தானியம், பணிப்பெண், பணியாள் என எண்ணி வந்து, இறுதியில் குப்பியம், பாண்டம் என இரண்டை வைத்தனர். குப்பியமாவது பொன்னும் வெள்ளியும் அல்லாத பிற பொருள்கள். ஆடை, சந்தனம் முதலியவற்றைப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் குறிக்கின்றார். பாண்டமாவது கலங்கள். குப்பிக்கும் குப்பியத்திற்கும் சொற்பிறப்பில் உறவில்லை, ஓசைதான் ஒன்று. ஆயினும் நண்பரின் அலமாரி இவ்விரண்டு வகையுள் அடங்கிவிட்டது. விலையுயர்ந்ததா, விலையற்றதா என்பது இக்கணக்கில் வினாவே அன்று.

ஆனால், அத்துடன் தீர்ந்துவிடவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி பரிக்கிரகத்தை மூர்ச்சை என்னும் சொல்லால் வரையறுக்கின்றார். மூர்ச்சை என்றால் நாம் அன்றாடம் வழங்கும் பொருளும் அதுவே, மயங்கி விழுதல். பொருள் கையில் இருப்பது ஒன்று. பொருளின் முன்னே ஒருவன் தன்னை மறந்து விழுந்து கிடப்பது வேறொன்று. அரண்மனையில் இருந்தும் மயங்காதார் உண்டு. ஒரு மைக்கூட்டின் முன் மயங்கினாரும் உண்டு.

சமந்தபத்திரர் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகின்றார். அவற்றுள் இரண்டு சேகரிப்போர் கூட்டத்திற்கென்றே சொன்னவை போலும். ஒன்று அதிசங்கிரகம், அளவிறந்து சேர்த்தல். மற்றொன்று விஸ்மயம், பிறர் பெற்றதைக் கண்டு வியந்து உள்ளம் வெதும்புதல். அத்திண்ணையில் நீலக் குப்பி ஒன்று கைமாறி வந்தபோது, அதனை நோக்கிய கண்களை யாம் கண்டோம். எம் கண்ணும் அதில் ஒன்று. எமது மேசையிலும் நாலைந்து பழைய மைக்கூடுகள் இருப்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ரத்தினகரண்டகம் என்பதற்கு மணிகள் வைக்கும் பேழை என்று பொருள். அந்நெறியில் தமிழில் எழுந்த நூலே அருங்கலச் செப்பு. அச்செப்பினுள் இருக்கும் அருங்கலங்கள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்றே.

இனிக் கள்ளாமை விரதத்திற்கு உமாசுவாமி கூறும் ஐந்து குற்றங்களைப் பார்ப்போம். களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசின் விதியை மீறல், அளவையில் ஏமாற்றுதல், போலியை மெய்யென விற்றல். பழம்பொருள் வாணிகத்தின் இன்றைய நிலையை நேரில் கண்டு எழுதினாற்போல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தைக்கு நண்பருடன் சென்றோம். பழைய நாற்காலி, கடிகாரம், பித்தளைப் பாத்திரம், சீசா, செடி, கூண்டுப் பறவை என எல்லாம் அங்கே விற்பனைக்கு உண்டு. (கூண்டுகளைக் கடந்து நடப்பதே நமக்கு ஒரு நோன்பு.) அருகிலுள்ள குன்றுப் பகுதியில்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அவர் பின்னாளில் சேர்த்த தொகுப்பு இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சந்தையில் புதிய சீசாவைச் சேற்றில் புதைத்து எடுத்து நூறாண்டுப் பழமை என்று சொல்லுவாரும் உளர். அது போலி விற்றல். ஏமாந்தவருக்குப் பணம்தான் இழப்பு. களவுப் பொருளை ஏற்றல் அதனினும் கொடிது. நம் சிற்றூர்ச் சினாலயங்களினின்றும் தீர்த்தங்கரர் செப்புத் திருமேனிகள் களவு போன துயரம் நாம் அறியாததன்று. வாங்குவார் இல்லையேல் களவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும், எழுபத்தைந்தாண்டு கடந்த சுவடியும் தொல்பொருள்களாம். உரிமம் இன்றி அவற்றை விற்கும் தொழில் செய்தலாகாது, தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் இயலாது. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. ‘அங்கே தோண்டினால் பழைய சதுரச் சாராயச் சீசா கிடைக்கும்’ என்று குழுவில் ஓர் இளைஞர் ஆவலோடு கூறினார். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அரசின் விதியை மீறல் என்று நூல் சொல்லும் குற்றம் அங்கே ஒரு சிறு கடப்பாரையுடன் தொடங்கிவிடும் என்றோம். அவர் கேட்டுக்கொண்டார், உள்ளத்தில் ஏற்றாரோ, அறியோம்.

கொல்லாமையும் இதில் உண்டு. மாமல்லபுரக் கடற்கரைக் கடைகளில் பளபளக்கும் சங்கும் சோழியும் அழகுப் பொருள்களாகத் தொங்குகின்றன. நத்தை, சங்கு முதலியவை மெய்யும் நாவும் உடைய ஈரறிவுயிர்கள் என்பது நம் ஆகமம். தொல்காப்பிய மரபியலும் நத்தை இனத்தை ஈரறிவிலேயே வைக்கிறது. கரையொதுங்கித் தேய்ந்த ஓடு மங்கியிருக்கும். கடைச் சங்கின் பளபளப்பில் பெரும்பகுதி, உள்ளே உயிர் இருக்கும்போதே எடுக்கப்பட்டதன் அடையாளம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001இல் பல சங்கினங்களைச் சேர்த்தனர். அரசு அதனைச் சேர்க்கும்வரை சாவகன் காத்திருக்க வேண்டியதில்லை. வெற்று ஓடு என்று எடுத்ததில் துறவி நண்டு குடியிருப்பதும் உண்டு. குப்பிகளிலும் அவ்வாறே எறும்பும் சிலந்தியும் தங்கும். நண்பர் வாங்கிய சீசாவை உடனே நீரில் ஊறவைப்பதில்லை. நிழலில் சாய்த்து வைத்து, உள்ளிருப்பவை வெளியேற ஓரிரு நாள் விட்டு, வெளிச்சத்தில் பார்த்த பின்பே கழுவுவார். முனிவர் மயிற்பீலியால் இடந்துடைத்துப் பொருளை எடுக்கவும் வைக்கவும் செய்யும் ஆதான நிக்ஷேபண சமிதியின் சிறு நிழல் அது. இந்த ஒன்றைக் கண்டபோது அவரைப் பற்றி எமக்கு நம்பிக்கை பிறந்தது.

அந்நிலையில்தான் அது நிகழ்ந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன், ஏழு வயதினன், தாத்தாவின் மிகப் பழைய கோலிச் சீசாவைத் திண்ணைப் படியில் மோதி உடைத்துக் கோலியை எடுத்துக்கொண்டான். நண்பர் ஓடிவந்து குழந்தையை அறைந்துவிட்டார். அதற்குமுன் மாணவர் ஒருவரையும் கை தொட்டு அடித்தறியாத ஆசிரியர். காலில் கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று பார்த்தவர் பாட்டியார்தாம்.

மறுநாள் எம்மிடம் வந்தார். “ஐயா, சீசா உடைந்ததும் உள்ளேயிருந்து என்ன வந்தது தெரியுமா?” என்றார். அகப்பரிக்கிரகம் பதினான்கனுள் குரோதம் ஒன்று என்பதை அவருக்கு நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூர்ச்சை தெளிந்தவர் அமர்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் விற்றுவிடுமாறு சிலர் கூறினர். யாம் அதனை உடன்படவில்லை. இல்லறத்தார்க்கு விதித்தது பரிக்கிரக பரிமாணம், அளவு செய்துகொள்ளுதல். பீலியும் கமண்டலமும் சாத்திரமுமே உடைமையாகக் கொள்வது முனிவர்க்குரிய மகாவிரதம். அன்றியும், சேர்ப்பார் இல்லையேல் நாம் இழப்பன சிலவா? உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுக் கேட்டுப் பொருள் தெளிந்து, ஊரூராய்ச் சுவடி தேடி, 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. சேர்த்தல் அவர்களிடத்தில் ஞானதானத்தின் முற்பகுதியாயிற்று.

நம் நிலை என்ன? எமது சொந்த ஊர் வீட்டை விற்றபோது, பரணிலிருந்த ஓலைக்கட்டு ஒன்று பித்தளை அண்டாக்களோடு சேர்ந்து பழைய சாமான் வண்டியில் ஏறியது. யாம் முற்றத்தில் நின்று அண்டாவின் எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அதில் என்ன நூல் இருந்தது என்பதை இனி எவரும் சொல்ல இயலாது. சுருத பஞ்சமிதோறும் சுவடிக்குப் பூச்சூட்டும் குடும்பம் எமது.

அவ்வாண்டு பருவத்தின் எட்டாம் நாளில் நண்பர் தம் குப்பிகளுள் பெரும்பாலானவற்றை ஒரு பள்ளிக்கு, மாணவர் கண்டு கற்கும் பொருட்டு அளித்தார். குழுவினருக்கும் சில கொடுத்தார். அலமாரியின் ஒரு தட்டு மட்டும் தமக்கென வரைந்துகொண்டார், இருபத்துநான்கு இடம். புதிதொன்று வந்தால் பழையதொன்று போக வேண்டும். பூசை அறை காலியாயிற்று என்று மனைவியார் எமக்குச் சொல்லி அனுப்பினார். உடைந்த சீசாவின் கோலி பேரனிடமே இருக்கிறது.

நண்பர் இன்றும் பல்லாவரம் சந்தைக்குச் செல்கின்றார். இப்போது பித்தளைக் குவியல்களின் அடியிலும் குனிந்து பார்க்கின்றார், ஓலைக்கட்டு ஏதேனும் கிடக்கின்றதா என்று. இதுவரை ஒன்று கண்டார். பிரித்துப் பார்த்ததில் ஒரு நிலக்கணக்கு. அதனையும் அவர் விடவில்லை. ஊரில் வீட்டை விற்க எண்ணியிருக்கும் குடும்பத்தார், வண்டிக்காரரை அழைப்பதற்கு முதல்நாள் பரணில் ஏறிப் பாருங்கள். படிக்கத் தெரியாத சுவடி எனினும், உங்கள் ஊர்ச் சினாலயத்தாரிடம் காட்டியபின் முடிவு செய்யுங்கள்.