தற்காலிகக் கோடு

ஒருவர் நம்மிடம் கைமாற்றாக நெல் வாங்கிச் செல்கிறார். ஆண்டுகள் பல கடந்தபின் நாம் கேட்கிறோம். "சொந்தமென்று நான் ஒருநாளும் சொன்னதில்லையே, கைமாற்று என்றுதானே இன்றும் சொல்கிறேன்" என்று அவர் விடையிறுத்தால் ஊர் நகைக்கும். 'தற்காலிகம்' என்னும் சொல்லுக்குள் ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது. நிலத்தின்மீது அரசுகள் இழுக்கும் தற்காலிகக் கோடுகளுக்கும் இது பொருந்துமா என்பதே நம் கேள்வி.

காஷ்மீரில் 1949 ஜனவரி முதல் நாள் போர் நின்றது. அதே ஆண்டு ஜூலை 27-ல், ஐக்கிய நாடுகள் சபையின் ஆணையத்தார் முன்னிலையில், இரு நாட்டுப் படைப் பிரதிநிதிகளும் கராச்சியில் கூடிப் போர்நிறுத்தக் கோட்டை வரைந்தனர். இது எல்லையன்று என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1971 டிசம்பர் 17-ல் படைகள் நின்ற நிலையைக் கொண்டு, 1972 ஜூலை 2-ல் கையெழுத்தான சிம்லா ஒப்பந்தம் அதற்குக் கட்டுப்பாட்டுக் கோடு என்று பெயரிட்டது. நீளம் ஏறத்தாழ 740 கிலோமீட்டர். பெயர் மாறிற்று, தற்காலிகம் மாறவில்லை. (1949-ல் வரைந்தவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியோடு நிறுத்தி, அதற்கப்பால் வடக்கே பனியாறுகளை நோக்கி என்று மட்டும் எழுதிச் சென்றனர். ஆளில்லா இடத்துக்குக் கோடு எதற்கு என்று எண்ணினர் போலும்! 1984 முதல் சியாச்சின் பனியாற்றில் குண்டுபட்டு மாண்ட வீரரைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் மாண்டவரே மிகுதி.)

போர்நிறுத்தம் பெருநன்மை என்பதை நாம் மறுக்கவில்லை. குருதி சிந்துவதை நிறுத்தும் கோடு, வளைந்து கிடந்தாலும் வரவேற்கத்தக்கதே. ஆனால் அரபு மொழி இங்கே இரு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. 'ஹுத்னா' என்பது அடங்கியிருத்தல். 'ஸுல்ஹ்' என்பது சீர்செய்து இணங்குதல். முன்னது முடியும் இடத்தில் பின்னது தொடங்க வேண்டும். ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பத்தாண்டு என்று காலம் குறிக்கப்பட்டது. அதைச் சான்றாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் ஹுத்னா பத்தாண்டுக்கு மேற்போகலாகாது என்று வரம்பு கட்டின. ஹனஃபி மத்ஹபார் தேவைக்கேற்பக் காலத்தை அமைத்துக்கொள்ள இடந்தருவர். எவ்வாறாயினும், காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டது நம் முன்னோரின் கூர்மை. கராச்சியில் வரைந்த கோட்டுக்கு இத்தனை ஆண்டு என்ற வரம்பில்லை.

வரம்பில்லாத தற்காலிகம் யாரை வருத்துகிறது? அரசுகளை அன்று. ஒவ்வொன்றும் தன் உரிமையை விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கலாம். அரசுகளுக்கு ஆயுள் நீளம். கோட்டின் ஓரத்தில் குடியிருப்பவனுக்கோ எல்லை என்றால்கூட ஒரு வாயில் உண்டு, கடவுச்சீட்டு உண்டு, கேட்டுப் பெறும் முறை உண்டு. எல்லையல்லாத கோட்டுக்கு வாயிலே இல்லை. எல்லை என்று ஒப்புக்கொள்ளாமல் வாயில் வைப்பது எப்படி என்பதே இரு தரப்பின் சங்கடம். ஆகவே தற்காலிகக் கோடு நிலையான எல்லையைவிடக் கடுமையானதாகிவிடுகிறது.

லடாக்கின் ஷியோக் ஆற்றோரத்தில் துர்துக் என்னும் ஊர் இருக்கிறது. பால்ட்டி மொழி பேசும் முஸ்லிம்களின் ஊர். 1971 டிசம்பர்ப் போரில், பக்கத்து ஊர்கள் மூன்றோடு அது இந்தியப் படையின் வசமாயிற்று. வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் சென்றிருந்தவர்கள் மறுபக்கத்தில் நின்றுவிட்டார்கள். போனவர் யாரும் நாட்டை விட்டுப் போவதாக எண்ணிப் போகவில்லை. நாம் மதுரைக்குப் போய்வருவதைப் போல, வேலை முடிந்தால் திரும்பும் எண்ணத்தோடுதான் போயிருப்பார்கள். கேரன் என்னுமிடத்தில் ஆறே கோடு. இக்கரையில் அதன் பெயர் கிஷன்கங்கா, அக்கரையில் நீலம். உறவினர் இரு கரையிலும் நின்று ஒருவரையொருவர் கண்டு கையசைப்பதுண்டு. இரத்த பந்தத்தைத் துண்டிப்பதை மார்க்கம் பெரும்பாவமாகக் கருதுகிறது. துண்டித்தவர் இவர்கள் அல்லர் என்றால், அப்பாவம் எவர் கணக்கில் எழுதப்படும்?

திண்டுக்கல் மக்களாகிய நாமும் கோடுகளுக்குப் புதியவர் அல்லோம். 1783-ல் நம் மலைக்கோட்டையைக் கும்பெனிப் படை பிடித்தது. 1784 மங்களூர் உடன்படிக்கையால் அது திப்பு சுல்தானிடம் திரும்பியது. 1790-ல் மீண்டும் கைமாறியது. 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதைக் கும்பெனிக்கே ஆக்கியது. ஹைதர் அலியின் சகோதரியார் அடங்கியிருக்கும் பேகம்பூரில் அந்தக் கோடுகளை இன்று யார் நினைக்கிறார்கள்? இரு பக்கமும் ஒரே ஆட்சியில் சேர்ந்ததால் அவை மறைந்தன. காஷ்மீரக் கோட்டுக்கு அந்த வழி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. மறையாது என்றால் வாயிலாவது வேண்டும்.

வாயில் வைக்க முடியும் என்பது ஒருமுறை காட்டப்பட்டது. 2005 ஏப்ரல் 7-ல் ஸ்ரீநகருக்கும் முஸஃப்பராபாத்துக்கும் இடையே பேருந்து தொடங்கிற்று. கடவுச்சீட்டு கேட்டால் கோடு எல்லையாகிவிடும் என்று அஞ்சிய இரு அரசுகளும் வெறும் அனுமதிச் சீட்டைக் கொண்டு பயணிகளை விட்டன. எவரும் உரிமையை இழக்கவில்லை. மனிதர் மட்டும் பாலத்தை நடந்து கடந்தனர். 2008-ல் நாணயமில்லாப் பண்டமாற்று வணிகமும் தொடங்கியது. நிலத்தின் வழக்கை ஒத்திவைக்கலாம், மனிதரின் வழக்கை ஒத்திவைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயுதம் ஏந்தியவன் அவ்வழியே வருவானே என்று கேட்பார்கள். அந்த அச்சம் பொய்யன்று. கோட்டைக் கடந்து வந்தவர்களால் இழந்த உயிர்கள் பல. சோதனை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் சோதிப்பதற்கும் அடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பேருந்து ஓடிய நாள்களிலேயே அனுமதி கிடைக்க வாரங்களும் மாதங்களும் ஆயின. ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. தாயின் மரணச் செய்தி வந்த மகன் அந்த அனுமதியைக் கொண்டு என்ன செய்வான்?

2019-ல் வணிகமும் பேருந்தும் நின்றன. 2021 பிப்ரவரியில் இரு படைகளும் போர்நிறுத்தத்தை மீண்டும் உறுதி செய்தபோது துப்பாக்கிகள் ஓய்ந்தன, பாலம் திறக்கவில்லை. 2025 மே மாதம் பூஞ்ச் நகரில் பீரங்கிக் குண்டுகள் விழுந்து பொதுமக்கள் மாண்டனர். அம்மாதம் பத்தாம் நாள் மறுபடியும் போர் நின்றது. கராச்சியில் கோடு வரைந்தபோது இருபது வயதாயிருந்தவர் எவரேனும் இன்று உயிரோடிருந்தால் அவருக்குத் தொண்ணூறு கடந்திருக்கும்.