அடுப்படி எப்போது ஓய்கிறது?

நல்ல தூக்கத்துக்கு வழி கேட்டால் ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். மாலையில் காபி வேண்டாம், படுக்கையில் செல்போன் பார்க்காதே, தினமும் ஒரே நேரத்தில் படு. மூன்றுக்கும் உடம்பிலேயே காரணம் இருக்கிறது. குடித்த காபியின் கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். இருட்டியதும் மூளையில் மெலடோனின் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. திரையின் வெளிச்சம் அதைத் தாமதப்படுத்துகிறது. நமக்குள் ஓடும் கடிகாரம் மரபணு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நேரம் மாறி மாறிப் படுத்தால் அந்தக் கடிகாரம் தடுமாறும்.

ஆனாலும் இந்த யோசனைகளில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. தனி அறையில் தனியாகப் படுக்கிறவருக்குச் சொன்னவை போல இருக்கின்றன. நம் வீடுகளில் ஒருவர் தூக்கம் இன்னொருவர் கையில் இருக்கிறது. கூடத்தில் சீரியல் ஓட, அதே கூடத்தில் பாய் விரித்த பிள்ளை எப்படித் தூங்கும்? 10 மணிக்கு வேலையிலிருந்து வருகிறவருக்குச் சூடாகத் தோசை வார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். எல்லோரும் படுத்த பிறகு அம்மா செய்யும் வேலைகளைப் பார்த்திருக்கிறேன். பாலுக்கு உறை ஊற்றுவார். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவார். கொண்டைக்கடலையை ஊறவைத்து, மேடையைத் துடைத்து, சிலிண்டரை மூடி, மூடியதை இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பார். அப்போது மணி 11 தாண்டியிருக்கும். விடிகாலை 5 மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க முதலில் எழுவதும் அவர்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அம்மாவுக்கு 6 மணி நேரம்கூடத் தேறாது. அவரிடம் போய்ச் சீக்கிரம் படுங்கள் என்று சொல்வதில் என்ன நியாயம்?

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு 8 மணிக்கு. அவரவர் தட்டை அவரவரே கழுவுகிறோம். மறுநாளைக்கான காயை மாலையிலேயே நறுக்கி வைத்துவிடுகிறோம். உறை ஊற்றுவதும் மேடை துடைப்பதும் என் பொறுப்பு. தம்பி வர நேரமானால் ஹாட்பாக்ஸில் இருக்கும் சப்பாத்தியை அவனே எடுத்துப் போட்டுக்கொள்வான். சாப்பிட்டு முடித்ததும் டியூப்லைட்டை அணைத்துச் சின்ன பல்பைப் போடுகிறோம். அம்மா படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வெந்நீரில் குளித்துவிடுகிறார். குளித்தபின் தோலுக்கு ரத்தம் பாய்ந்து உடம்பின் உள்சூடு தணிய, கண் சொக்குகிறது. முன்பு அந்த நேரத்தில் அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

தூக்கத்தை யாரும் வலிய வரவழைக்க முடியாது. அது வருவதற்கான நேரத்தை ஒதுக்கித் தரலாம். ஒருவருக்கு ஒருவர் ஒதுக்கித் தரவும் முடியும். அதனால் இரவு வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வதையே நான் முதல் பழக்கமாகச் சொல்வேன். உங்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கிறவர் யார் என்று இன்றிரவு பாருங்கள். அவர் கையிலிருக்கும் வேலைகளில் ஒன்றை நாளை முதல் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.