தீர்ப்புக்கு முன்

நெடுநாள் ஓடாது கிடந்த டீசல் இயந்திரம் கிளம்ப மறுத்தால், பழி முதலில் இன்ஜெக்‌ஷன் பம்பின்மீதே விழுகிறது. "பம்பு போயிற்று" என்னும் தீர்ப்பு எளிதில் பிறந்துவிடுகிறது. சான்று காணாமுன் குற்றஞ்சாட்டுதல் முறையாகுமா?

ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் செய்யத் தொடங்கிய இவ்வகைப் பம்பில், தண்டுக்கும் உருளைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில கூறுகளே. அவ்விடுக்கில் ஓடும் டீசலே மசகும் ஆகும். இயந்திரம் உறங்கினாலோ, அதே டீசல் பிசினாகித் தண்டைப் பிடித்துக்கொள்கிறது. காத்ததே கட்டிப்போடுகிறது! தொட்டியில் சேர்ந்த நீர் துருவை வளர்க்கிறது.

ஆகவே தேர்ந்த மெக்கானிக் பம்பைத் தொடுமுன் தொட்டியின் நீரை வடிக்கிறான், வடிகட்டியை மாற்றுகிறான், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுகிறான். இயந்திரத்தை நிறுத்தும் நெம்புகோல் சிக்கிக் கிடக்கிறதா என்றும் பார்க்கிறான். பலவேளை 'பழுது' இங்கேயே தீர்ந்துவிடும். அதன் பின்னும் தண்டு அசையாவிடில், பிசினிளக்கும் எண்ணெயில் ஊறவிட்டுச் சில நாள் பொறுக்கிறான்.

உரிமையாளர் வாசலில் நிற்கையில் இப்பொறுமை சோம்பலாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் சுத்தியல் பட்ட பின், கேடு உறக்கத்தால் வந்ததா, கைவலிமையால் வந்ததா என்று யார் பிரித்தறிவார்? வன்மை பொருளை மட்டுமன்று, சான்றையும் அழிக்கிறது.

பொறுமை எல்லாவற்றையும் மீட்கும் என்பதுமன்று. துரு அரித்த தண்டு எத்தனை நாள் ஊறினும் தேறாது, மாற்றவே வேண்டும். அப்போது உருளையையும் சேர்த்தே மாற்றுவர். இரண்டும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் துருவுக்காக மற்றதும் கழிகிறது. அது நீதியா என்பது மெக்கானிக்கிடம் கேட்கத்தக்க வினா அன்று.