கண் கொடுத்தவனுக்குக் கடிதம் சொந்தமா?

பிறர்க்கு வந்த கடிதத்தை அவர் அறியாமல் பிரித்துப் படிப்பது குற்றம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், கடிதத்துக்கு உரியவரே அதை நம்மிடம் கொடுத்து, "எனக்குப் படிக்க வரவில்லை, நீ படித்துச் சொல்" என்று கேட்கும்போது நம் கடமை யாது? உள்ளதை உள்ளபடி சொல்வதா? கேட்பவர் மனம் நோகாதபடி கூட்டியும் குறைத்தும் சொல்வதா? இது வேலையற்றோர் திண்ணையில் பேசும் வெறுந் தர்க்கம் அன்று. இக்கேள்விக்கு ஒரு முறை தவறான விடையளித்து, அத்தவறின் விலையை வேறொருவர் கொடுக்கக் கண்டவன் நான். ஆதலால் எழுதுகிறேன்.

1998ஆம் ஆண்டில் பினாங்கு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவுக்குச் சமீபத்தில் இருந்த ஓர் இணையக் கடையில் ஊழியம் பார்த்து வந்தேன். அக்காலத்தில் இணையம் நம் நாட்டுக்குப் புதிது. ஜாரிங் என்னும் இணைப்பு 1992இல் தொடங்கிற்று, டி.எம்.நெட் 1996இல் வந்தது. இத்தகைய கடைகளுள் முற்பட்டதாகிய சைபீரியா லண்டன் மாநகரில் திறக்கப்பட்டது 1994இல். நான்கே ஆண்டுகளில் அப்புதுமை எங்கள் தெருவின் பழைய கடைவீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. வரிசையாகச் சில கணினிகள். அவை அனைத்துக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. மோடம் என்னும் சிறு பெட்டி கிறீச்சென்று கூவி, இரைந்து, பிறகு அடங்கினால் உலகம் நம் மேசைக்கு வந்துவிட்டதென்று பொருள். நேரங் குறித்துக் காசு வாங்குவதும், அறுந்த இணைப்பை மீட்பதும், அறியாதவர்க்குக் கைகாட்டுவதும் என் வேலை.

வருவோரிற் பெரும்பாலோர் முதுகுப்பையுடன் ஊர் சுற்றும் வெள்ளையர். மாலை வேளைகளில் பினாங்கு ஸ்திரீட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சாமான் வாங்க வந்த நம்மவரும் தயங்கித் தயங்கி உள்ளே வருவர். அவர்களிற் பலர் தங்கள் மின்னஞ்சற் பெட்டியை மூடாமலே எழுந்து போய்விடுவர். கணவன் மனைவி பிணக்கு, கடன்காரன் மிரட்டல், பெண் பார்த்த சேதி எல்லாம் திரையில் திறந்து கிடக்கும். "பார்க்காதே, மூடிவிட்டு வா" என்பது முதலாளி எனக்குக் கற்பித்த முதற் பாடம். அதைக் கடைப்பிடிப்பது எளிதாகவே இருந்தது. படிக்கக் கூடாததைப் படியாதிருக்க ஒரு சிறு கட்டுப்பாடு போதும். படிக்கச் சொன்னதை நேர்மையாகப் படிப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி, மாதம் இரு முறை ஓர் அம்மையார் கடைக்கு வருவார். செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். அவர் மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து வரும் மின்னஞ்சலை நான் படித்துக் காட்டுவேன். அவர் சொல்லும் பதிலை எழுதி அனுப்புவேன்.

இவ்வம்மையார் எழுத்தறியாதவர் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையைத் தடங்கலின்றி வாசிப்பவர். பின் எதற்கு என் உதவி? அந்நாளில் மின்னஞ்சலில் தமிழ் எழுதுவதென்றால் ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வோர் எழுத்துரு. அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடம் இல்லையேல், திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளின் குப்பையே. யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், சாதாரணக் கணினிகளில் அது பரவப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே அம்மகன் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினான். தமிழ் படித்த தாயை அந்த நவீன யந்திரம் ஒரு நொடியில் தற்குறி ஆக்கிவிட்டது! அவருடைய கல்வி குறையவில்லை. அக்கல்வி செல்லுபடியாகும் இடந்தான் இல்லாமற் போயிற்று.

நிற்க. அது பணமுடைக் காலம். 1997ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 50 காசாக இருந்த நம் நாணயம், 1998 ஜனவரியில் 4 வெள்ளி 70 காசுக்கும் கீழே சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று அதைக் கட்டி நிறுத்தியது. அந்நிய நாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களுக்கு, ஏறிய செலவு கழுத்தை நெரிக்கும் கயிறாயிற்று. அச்சமயத்தில் ஒரு நாள் அம்மகனிடமிருந்து வந்த மடலைத் திறந்தேன். "அம்மா, கட்டணம் கட்ட வழியில்லை. கல்லூரியை விட்டுவிட்டேன். ஓர் உணவுக்கடையில் வேலை செய்கிறேன். இனிப் பணம் அனுப்ப வேண்டாம். கடன் வாங்க வேண்டாம். என்னை மன்னித்துவிடு" என்பது அதன் சாரம்.

அம்மையார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. கையில் மார்க்கெட்டுப் பை. என் நா எழவில்லை. "நன்றாக இருக்கிறாராம் அம்மா. படிப்பில் வேலை அதிகமாம், அதனால் சுருக்கமாக எழுதியிருக்கிறார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு நற்செயல் செய்துவிட்டதாக என் மனமும் மலர்ந்தது. "நன்றாகப் படி, பணத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் பதில் சொன்னார். அதை அப்படியே எழுதினால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே! "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க மற்றொரு பொய். தாய்க்கும் மகனுக்கும் இடையே பாலமாக நின்றவன் சுவராக நின்றேன்.

சில வாரங்களில் எங்கள் கடைக் கணினிகளில் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை ஏற்றினார்கள். நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் ஆக்கியது அது. திரையில் தமிழெழுத்தைக் கண்ட அம்மையார் குழந்தைபோல மகிழ்ந்து, "தம்பி, என் மகனும் இப்படி எழுதலாமா? எழுதச் சொல்லேன்" என்றார். மறுக்க வாயில்லை, மகனுக்கு அவ்வாறே தெரிவித்தேன். உண்மையைச் சொல்ல அப்போதும் காலம் இருந்தது. சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது, வாழ்நாளில் முதன்முதலாக அவர் தம் மகனுடைய மின்னஞ்சலைத் தாமே படித்தார். ஒவ்வோர் எழுத்தாக உதடுகள் அசைந்தன, பிறகு நின்றன. "படிப்பை விட்டுவிட்டேன், பணம் வேண்டாம் என்று எழுதியும் ஏன் அம்மா அனுப்பினாய்?" என்று கேட்டிருந்தான். கழுத்தில் கிடந்த ஒரே சங்கிலியை அடகுக்கடையில் வைத்து, நான் அறியாமல், வங்கி மூலமாக அவர் பணம் அனுப்பியிருந்தார்.

அவர் என்னை ஏசவில்லை. "தம்பி, என் மகன் எனக்கு எழுதினது எங்கே?" என்று மாத்திரம் கேட்டார். அம்மடலை எடுத்துக் கொடுத்து, "நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்தேன் அம்மா" என்றேன். "இரண்டு பிள்ளைகளை மண்ணில் புதைத்தவள் நான். தாங்கமாட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்?" என்றார். அக்கேள்விக்கு இன்றளவும் என்னிடம் விடை இல்லை.

என் செயலுக்கு ஆதரவாகப் பேசுவோர் உண்டு என்பதை அறிவேன். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை எடுத்துக் காட்டி, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்க்கும் வள்ளுவர் இடம் தந்திருக்கிறார் என்பர். மெய்தான். ஆனால், அந்நன்மை குற்றமற்றதா என்று அளப்பவர் யார்? கடிதத்துக்கு உரியவருக்குத் தெரிந்த கணக்கு, படித்துக் காட்டுபவனுக்குத் தெரியாது. அடுப்பில் என்ன வேகிறது, பெட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது, நெஞ்சில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பவற்றை அறியாதவன் நன்மை தீமையை எங்ஙனம் நிறுப்பான்? நான் மறைத்தது ஒரு துயரச் செய்தியை மட்டுமன்று. "கடன் வாங்காதே" என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே மறைத்தேன். துன்பம் குறையவில்லை. வட்டியோடு வளர்ந்தது.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், இதில் இரக்கத்தைவிட அதிகாரமே மிகுதி. கங்காணி காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். ரஜூலாவைப் போன்ற கப்பல்களில் கடல் கடந்து ஊர்க் கடிதம் வந்து சேரும். படிப்பறியாத தொழிலாளி அதை எடுத்துக்கொண்டு கிராணியிடமோ, ஊரில் எழுத்தறிந்த ஒருவரிடமோ போய்க் கைகட்டி நிற்பான். படித்தவர் சொன்னதே செய்தி. அவர் விட்டதெல்லாம் இல்லாத செய்தி. அவர்களில் உத்தமர்கள் பலர் இருந்திருப்பர். ஆயினும், ஒருவனுடைய வாழ்வு மற்றொருவனுடைய நாவின் நுனியில் தொங்கும் நிலை உத்தமர்களாலும் நல்லதாகிவிடாது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கித் தொடங்கிய சுற்றுப்பயணத்துக்குப்பின், சுயமரியாதை என்ற சொல் மலாயாத் தமிழரிடையே பரவிற்று. தன் கடிதத்தைத் தானே படிப்பதினும் பெரிய சுயமரியாதை எது? அதைப் பறித்து வைத்துக்கொண்டு, "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்பவன் கருணையுள்ளவனாக இருக்கலாம். ஆனால் அவன் எதிரில் இருப்பவரைச் சமமான மனிதராக எண்ணவில்லை.

கண் கொடுப்பவன் கண்ணை மட்டுமே கொடுக்க வேண்டும். கண்ட பொருளின் மேல் அவனுக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை. அப்படியாயின் இரக்கத்துக்கு இடமே இல்லையா? உண்டு. சொல்லும் முறையில் உண்டு; சொல்லும் பொருளில் இல்லை. அன்று நான் செய்திருக்கக் கூடியது யாது? அம்மையாரை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "அம்மா, வருத்தமான செய்தி வந்திருக்கிறது, முழுவதும் படிக்கிறேன்" என்று சொல்லிப் படித்துவிட்டு, அவர் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்திருக்கலாம். அதற்கு வேண்டியிருந்தது அரை மணி நேரம். அந்த அரை மணியின் சங்கடத்துக்கு அஞ்சித்தான் பொய் சொன்னேன். அவருடைய துயரத்துக்கு அஞ்சி அன்று. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அக்கடை இன்று இல்லை. மின்னஞ்சல் அவரவர் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. தமிழும் தடையின்றித் திரையில் தெரிகிறது. ஆனால் படித்துக் காட்டும் வேலை முடிந்துவிட்டதா? வங்கியின் கடிதமும், மருத்துவமனையின் அறிக்கையும், அரசாங்கப் படிவமும் வேற்று மொழியில்தான் பல முதியோர் கைக்கு வருகின்றன. அவற்றைப் படித்துச் சொல்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே. "பாட்டிக்கு இதெல்லாம் ஏன்?" என்று பாதியை விழுங்கிவிடும் பேரனும், அன்று கணினி முன் நின்ற நானும் ஒருவனே. இளைஞர்களே, முழுவதும் படியுங்கள். பிறகு அருகில் இருங்கள். இயலுமாயின், அடுத்த கடிதத்தை அவர்களே படிக்கும்படி கற்றுக் கொடுங்கள்.

அவ்வம்மையார் அதன் பின்னும் எங்கள் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். புன்னகை செய்வார், காசைக் கொடுப்பார், தாமே அமர்ந்து தாமே படிப்பார். "தம்பி, கொஞ்சம் படித்துச் சொல்" என்று மட்டும் அவர் என்னை மறுபடி கேட்டதே இல்லை.